ஓய்வு என்று எழுதிய கடிதம்

ஸ்டோனி கேப், ட்ரெலானி
6 செப்டம்பர் 1998

டாஃப்னி லம்லிக்கு,

‘அன்புள்ள’ என்று ஆரம்பிக்க வேண்டுமாம். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பேத்தி சொல்கிறாள். இல்லாததை எப்படி எழுத?

பேத்தி ரோஷெல் நாளை பஸ் ஏறுகிறாள். கிங்ஸ்டனில் அவளை ஓட வைக்கப்போவது நீதான் என்று பள்ளிக் காகிதத்தில் பார்த்தேன். பெயரைப் பார்த்ததும் காகிதத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். பிறகு, பிள்ளையின் வாழ்க்கை என்று திரும்ப எடுத்தேன்.

நான் மறந்திருப்பேன் என்று நினைத்துவிடாதே. 1961, பிப்ரவரி ஏழு, செவ்வாய். நீ போட்டிருந்தது நீலச் சட்டை, இடது தோளில் தையல் விட்டிருந்தது. கிழங்குத் தோட்ட வேலியில் சாய்ந்துகொண்டு, “இசில்டா, இன்னிக்கு உனக்கு ஓய்வாம்டி. கால் வலிக்குதுல்ல, சார் உன்னை வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாரு” என்றாய். போனேன். அன்றைக்குத்தான் ஓட்டத்துக்கு ஆள் எடுத்தார்கள். கிங்ஸ்டன் பள்ளியில் ஒரே இடம். நீ போனாய். நான் மண்வெட்டி பிடித்தேன்.

பிள்ளை வெறும் வயிற்றோடு ஓடமாட்டாள். கிழங்கு கொடுத்தனுப்புகிறேன்.

இசில்டா பின்னக்


கிங்ஸ்டன்
5 அக்டோபர் 1998

அன்புள்ள இசில்டா,

கிழங்கு வந்தது. விடுதிப் பிள்ளைகள் எல்லோரும் சாப்பிட்டார்கள். நீ எழுதியதற்குப் பதில் எழுத உட்கார்ந்து மூன்று தாள் கிழித்தேன். அதை விடு. ரோஷெலைப் பற்றி எழுதுகிறேன்.

கால் உன் கால்தான். தரையில் பட்டதும் தெரிந்துவிட்டது. நூறு மீட்டர் இப்போது 12.1 விநாடி. மார்ச்சில் பள்ளிகளுக்கான பெரிய போட்டி. அமெரிக்கக் கல்லூரிக்காரர்கள் பார்க்க வருவார்கள். 11.6 ஓடினால் முழுச் செலவும் அவர்களுடையது. அவளுக்கு இது கடைசி வருடம். இன்னொரு மார்ச் கிடையாது.

திங்கள் வேகமாக ஓடிவிட்டு, அதே நாள் பாரக்கம்பியைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவாள். செவ்வாய் ஒன்றும் கிடையாது. புதன் பெட்டி மேல் தாவல், எண்ணி முப்பது. வியாழன் ஒன்றும் கிடையாது. வெள்ளி ஓட்டம். பாரம் பலம் கொடுக்கும். தாவல் அந்தப் பலத்தைச் சட்டென்று எழுப்பும். ஓட்டம் அதைத் தரையில் இறக்கும். ஆனால் தசை தேறுவது சும்மா இருக்கிற நாளில்தான். பாதிப் பயிற்சி அதுதான்.

உன்,
டாஃப்னி


ஸ்டோனி கேப்
15 நவம்பர் 1998

டாஃப்னி,

எனக்குப் படிப்பு கம்மி, இருந்தாலும் வாரத்துக்கு ஏழு நாள் என்று தெரியும். நீ எழுதியதை விரலால் எண்ணினேன். மூன்று நாள் வேலை, நாலு நாள் சும்மா. சும்மா இருந்து யார் வேகமாக ஆனார்கள்? என்னைச் சும்மா இருக்கச் சொன்ன அன்றைக்கு வேகமாக ஆனது நீதான்.

சர்ச்சில் பாஸ்டர் சம்சாரம் கேட்டாள்: “ஏன் இசில்டா, பேத்தி கிங்ஸ்டன்ல என்ன பண்றா?” “தூங்கறாளாம், அதுக்கு ஒரு டீச்சர் வச்சிருக்காங்க” என்றேன். சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

அந்தப் பள்ளியில் வேறு ஒருத்தி இருக்கிறாளாமே, நோவலின் என்று, உன் தங்கை மகள். அவளுக்கும் நாலு நாள் சும்மாவா?

இசில்டா


கிங்ஸ்டன்
7 டிசம்பர் 1998

அன்புள்ள இசில்டா,

நோவலினுக்கும் அதே நாலு நாள்தான். ரோஷெல் அவளைவிட வேகம். போன வெள்ளி 11.7.

சனிக்கிழமை விடுமுறைக்கு அங்கே வருகிறாள். இது முக்கியம், தயவுசெய்து இரண்டு தடவை படி. பன்னிரண்டு வாரப் பாரம் அவள் காலில் இருக்கிறது. முதல் பத்து நாள் முழு ஓய்வு. பிறகு நடை மட்டும். தூக்கக் கூடாது, தாவக் கூடாது, மேட்டில் ஓடக் கூடாது. ஜனவரியில் வந்ததும் வருடத்திலேயே கடினமான பயிற்சி. அதற்குத் தேறின கால் வேண்டும்.

அவளிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. இந்த வயதுப் பிள்ளைகள் பாதியைத்தான் கேட்கும், அதையும் மாற்றிக் கேட்கும். “உன் பாட்டிக்கு எழுதியிருக்கேன், பாட்டி என்ன சொல்றாங்களோ அதைச் செய்” என்று மட்டும் சொன்னேன்.

உன்,
டாஃப்னி


ஸ்டோனி கேப்
2 ஜனவரி 1999

டாஃப்னி,

உன் கடிதம் வந்தது. இரண்டு தடவை படித்தேன். முழு ஓய்வு என்று இருந்தது. கூடாது என்று மூன்று இடத்தில் இருந்தது.

பிள்ளையை என் கையால் தேற்றி அனுப்புகிறேன். கடிகாரத்தைப் பிடித்துப் பார்.

இசில்டா


கிங்ஸ்டன்
18 ஜனவரி 1999

இசில்டா,

ரோஷெல் வந்த அன்றே கேட்டேன்: “பாட்டி சொன்னபடி செஞ்சியா?”

“செஞ்சேன் மிஸ். ஒரு நாள்கூட விடல.”

நான் நம்பிப் பாரம் ஏற்றினேன். போன வெள்ளி, ஐம்பது மீட்டர் தாண்டியதும் காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள். சத்தம் எனக்குக் கேட்டது. பின்தொடைத் தசை எலும்போடு சேரும் இடத்தில் கிழிந்துவிட்டது. இந்த வருடம் ஓட முடியாது என்று டாக்டர் சொல்கிறார். அடுத்த வருடம் ஓடினாலும் இந்த வேகம் வராது.

மருத்துவமனையில் படுத்துக்கொண்டு எல்லாம் சொன்னாள். காலையில் கூடை நிறையக் கிழங்கைத் தலையில் வைத்து மேடு ஏறினாளாம். இறங்கும்போது கிழங்கு நட்ட ஒவ்வொரு மண்குவியலையும் தாவிக் கடக்கணுமாம். சாயங்காலம் சர்ச் வரைக்கும் ஓட்டம். இருபது நாள். கிறிஸ்துமஸ் காலையிலும். “வலிக்குது பாட்டின்னேன் மிஸ். கிங்ஸ்டன்காரி மாதிரிப் பேசாதேன்னாங்க” என்றாள்.

அந்தச் செவ்வாயைப் பற்றி இப்போது சொல்கிறேன். சார் உனக்கு ஓய்வு கொடுக்கவில்லை. நானாகச் சொன்னதுதான். இருந்தது ஒரே இடம், நீ என்னைவிட வேகம். திரும்ப அந்த வேலியில் நின்றாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் இந்த முறை நான் பொய் சொல்லவில்லை, இசில்டா.

போட்டியில் அவள் இடத்தில் நோவலின் ஓடுகிறாள். விடுதிக் கட்டிலுக்கு வேறு பிள்ளை காத்திருக்கிறது. ரோஷெலை வெள்ளிக்கிழமை பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன்.

டாஃப்னி லம்லி


ஸ்டோனி கேப்
2 பிப்ரவரி 1999

டாஃப்னி,

பிள்ளை வந்து சேர்ந்தாள். இரண்டு ஊன்றுகோல், ஒரு பை. டிரைவர்தான் தூக்கி இறக்கிவிட்டான். வெந்நீர் வைத்தேன். காலைத் தொட விடவில்லை.

நாலாம் நாள் அடுப்படிக்கு வந்து கதவில் சாய்ந்து நின்றாள்.

“பாட்டி, மிஸ் உங்களுக்குக் கடிதம் போட்டேங்கறாங்க. எனக்கு ஓய்வுன்னு அதுல எழுதியிருந்தாங்களாம். வந்துச்சா?”

அவள் முகத்தைப் பார்த்தேன். வந்தது என்று சொன்னால், அந்தக் காலின் பழி என்னுடையது. அவளுக்கு நானும் எனக்கு அவளும்தான் இருக்கிறோம்.

“வரலடி” என்றேன்.

“அப்ப மிஸ் பொய் சொல்றாங்களா?”

“உக்காரு” என்று சொல்லி, 1961இல் நடந்ததை எல்லாம் சொன்னேன். நீலச் சட்டை, வேலி, நீ சொன்ன வார்த்தை. ஒரு எழுத்துகூடச் சேர்க்கவில்லை. அது நிஜம், அதனால் இதையும் நம்பிவிட்டாள். அன்றைக்கு ராத்திரி என் பக்கத்தில் படுத்தாள்.

இந்த முறை நீ சொன்னது உண்மை. எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். மூன்றாவதாக ஒருத்தி நம்பமாட்டாள்.

உன் கடிதங்களை அடுப்பில் போட்டுவிட்டேன். அவளுக்கு ஏதாவது எழுதலாம் என்று நினைத்தால் தாளை வீணாக்காதே. தபால்காரன் என்னிடம்தான் கொடுப்பான். அதுவும் வந்து சேராது.

இசில்டா