எல்லைப் பள்ளத்தில் இரண்டு பரண்கள்

ஆகஸ்ட் 14, புதன்

நான் வேலை பார்க்கும் பள்ளி திறக்குமுன் அதன் சமையலறையைத் தேய்த்துக் கழுவி முடித்தாயிற்று. சாயங்காலம் வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. மரம் வெட்டியெடுத்த எங்கள் வெட்டுக்காட்டில் மண்டியிருக்கும் செடிகளைக் கழித்துவிட்டு வரலாம் என்று அரிவாளோடு போனேன். எல்லைப் பள்ளத்தை நெருங்கியதும் பச்சை மர வாசனை. நிமிர்ந்து பார்த்தால் ஒரு வேட்டைப் பரண்!

புத்தம் புதியது. கூரை, ஏணி, உட்காரப் பலகை எல்லாம் இருக்கிறது. கால்கள் ஊன்றியிருப்பது பள்ளத்துக்கு அந்தப் பக்கம், பக்கத்து ஊர் ஓபாக்காக்காரர்கள் மண்ணில்தான். ஆனால் வாய் எங்கள் வெட்டுக்காட்டைப் பார்த்துத் திறந்திருக்கிறது. அதில் உட்கார்ந்தால் தெரிவதெல்லாம் எங்கள் நிலம்.

வீட்டுக்கு வந்ததும் தூரேவுக்குப் போன் போட்டேன். ஓபாக்கா வேட்டை அணிக்கு அவர்தான் தலைவர். சின்ன வயதில் ஒரே பள்ளிப் பேருந்தில் போனவர்கள் நாங்கள்.

“என் மண்ணுல நான் பரண் கட்ட உன்கிட்ட மனுப் போடணுமாக்கும்?”

“மண்ணு உன்னுது. பார்வை எங்க பக்கம்ல இருக்கு?”

“பார்வைக்கு வேலி போட முடியுமா, இங்கெலா?”

வைத்துவிட்டார். சட்டப்படி அவர் செய்ததில் தப்பே இல்லை. அதுதான் எரிகிறது. எல்லைமேல் பரண் கட்டாமல் இருப்பது எந்தப் புத்தகத்திலும் இல்லாத மரியாதை. அது இல்லை என்று ஆனபின் யாரிடம் போய்க் கேட்பது?

ஆகஸ்ட் 18, ஞாயிறு

நாங்களும் கட்டிவிட்டோம். அவர்களுடையதற்கு நேர் எதிரே.

யோசனை என் தம்பி சிக்ஸ்டனுடையது. “அவன் நம்ம காட்டப் பாக்குறானா? நாம அவன் மூஞ்சியப் பாப்போம்” என்றான். எங்கள் ஊர் லில்மீரா அணிக்கு நான் தலைவியாகி இது முதல் வருடம். வேறு யாரும் முன்வராததால் என் தலையில் கட்டிய பதவி. முதல் வருடமே வாயை மூடிக்கொண்டிருந்தால் நன்றாயிருக்காது என்று நானும் சரி சொன்னேன். அவன் சீட்டியடித்துக்கொண்டே ஆணி அடித்தான். நான் பலகை பிடித்துக்கொண்டேன்.

முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது, இரண்டும் எதிரெதிர் வீட்டுக் கக்கூஸ் மாதிரி இருந்தன.

ஆகஸ்ட் 26, திங்கள்

மைகென் என்னோடு சமையலறையில் வேலை செய்கிற பெண். தூரேவின் மகள். உருளைக்கிழங்கு உரிக்கும்போது சொன்னாள்: “நேருக்கு நேரா ரெண்டு துப்பாக்கி. நடுவுல எல்க் மான் வந்தா யாரு எங்க சுடுவீங்க? ஒருநாள் மனுஷன் மேல படும், பாத்துக்கிட்டே இருங்க.”

“அதை உங்க அப்பாகிட்ட சொல்லு.”

“சொன்னேன். ‘அதை இங்கெலாகிட்ட சொல்லு’ன்னாரு.”

செப்டம்பர் 2, திங்கள்

வேட்டை தொடங்கும் நாள். பள்ளியில் பாதி வாத்தியார்கள் லீவு. நானும்தான்.

இந்த வருடம் எங்கள் வட்டாரம் முழுவதற்கும் பெரிய ஆண் எல்க் மிகச் சிலவற்றைச் சுடத்தான் அனுமதி. எந்த அணி முந்துகிறதோ அதற்கு. கன்றுகளுக்கு மட்டும் தனிக் கணக்கு. ஆகவே எல்லோருக்கும் அவசரம். நாயை இழுத்துப் பிடித்து நிதானமாக வேட்டையாடுகிற ஆட்களே விடியுமுன் கிளம்பிவிட்டார்கள்.

எல்லைப் பரணில் சிக்ஸ்டனும் நானும். எதிர்ப் பரணில் தூரே. இடையில் ஒரு பள்ளம், கொஞ்சம் பனிமூட்டம். தலையைக்கூட ஆட்டிக்கொள்ளவில்லை.

பைன் மரங்களுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் எல்க் கன்றோடு வந்தது. பள்ளத்தின் அந்தப் பக்கமாக, தூரேவை நோக்கி. அவர் துப்பாக்கி மெல்ல உயர்ந்தது. அந்த நேரம் பார்த்து சிக்ஸ்டன் காபிக் குடுவையின் மூடியைப் பரண் கட்டையில் டங்கென்று தட்டினான். இரண்டும் ஒரே பாய்ச்சலில் காட்டுக்குள்.

“கை தவறிடுச்சு!” என்று கத்தினான்.

தூரே துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்தார்.

நான் சிரித்துவிட்டேன். எழுதும்போது சிரிப்பு வரவில்லை.

செப்டம்பர் 3, செவ்வாய்

மைகென் இன்று என்னிடம் பேசவில்லை. கரண்டியைக்கூட நீட்டாமல் மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

செப்டம்பர் 14, சனி

எங்கள் நாய் ஒரு நல்ல எல்க்கை விரட்டிக்கொண்டு வரும்போது, எல்லையோரம் எவனோ மரம் அறுக்கும் இயந்திரத்தைப் போட்டான். வேட்டை நாளில், காலை நேரத்தில், விறகு! எல்க் திரும்பிப் போய்விட்டது. சிக்ஸ்டன் முகம் சிவந்துபோய் நின்றான். நான் என்ன சொல்ல? மூடியைத் தட்டியது யாரு?

இரு அணிக்கும் வெறுங்கை.

செப்டம்பர் 25, புதன்

எல்க்குகள் இணை சேரும் காலம். இன்றிலிருந்து வேட்டைக்கு விடுமுறை. காட்டை அதன் பாட்டுக்கு விட்டாயிற்று. அப்பாடா என்றிருக்கிறது. தொடங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் அப்பாடா!

அக்டோபர் 12, சனி

நடந்ததை இன்றே எழுதிவிட வேண்டும்.

விடுமுறைக்குப் பிறகு முதல் நாள். வட்டாரத்தில் பாக்கியிருந்தது ஒரே ஒரு ஆண் எல்க்குக்கான அனுமதி. எல்லைப் பரணில் நான் தனியாக இருந்தேன். எதிர்ப் பரணில் யாருமில்லை. ஓபாக்காக்காரர்கள் ஆற்றோரம் வேட்டையில் இருந்தார்கள், அவர்கள் நாய் தூரத்தில் குரைப்பது கேட்டது.

அது வந்தது. அப்படி ஒன்றை நான் சுட்டதே இல்லை. குதிரையைவிட உயரம், விரித்த கை மாதிரிக் கொம்பு. எங்கள் பக்கம்தான் நின்றது. ஆனால் பள்ளத்தை நோக்கி நடக்கத் தொடங்கியது. இன்னும் நாலைந்து எட்டு வைத்தால் அவர்களுடையது. அவசரப்பட்டேன். நடக்கும்போதே சுட்டேன்.

பட்டது. ஆனால் பின்னால் தள்ளிப் பட்டது என்று விசையை இழுத்த கணமே தெரிந்துவிட்டது. முதுகை வளைத்துக்கொண்டு, மெதுவாக, பள்ளம் தாண்டி அவர்கள் காட்டுக்குள் போய்விட்டது.

வயிற்றில். ஐயோ, வயிற்றில். நான் என்ன செஞ்சு வச்சிருக்கேன்!

ஒரு நிமிடம், உண்மையாகவே ஒரு நிமிடம், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன். பிறகு அந்த வளைந்த முதுகு கண்ணுக்குள் வந்தது. போனை எடுத்தேன்.

“தூரே, நான்தான். உங்க பக்கம் ஒண்ணு போயிருக்கு. என் குண்டு. சரியாப் படல.”

“எங்க பட்டுச்சு?”

“வயித்துல.”

“சரி. உக்காரு. பின்னாடியே போகாதே, பயந்து ஓடிட்டே இருக்கும். காபி வச்சிருக்கியா?”

“இருக்கு.”

“குடி. நான் வர்றேன்.”

அவர் போனை வைக்காமலே வாக்கி-டாக்கியில் பேசியது என் காதில் விழுந்தது. “எல்லாரும் கேளுங்க. வேட்டைய நிறுத்துறோம். தோட்டாவக் கழட்டுங்க. நாயப் பிடிங்க. லில்மீராக்காரங்களோட எல்க் ஒண்ணு அடிபட்டு நம்ம காட்டுல இருக்கு.” எவனோ முனகினான். “அவங்களுக்கு எதுக்கு நாம” என்று தொடங்கினான். தூரே, “எல்க்குக்கு” என்றார். அவ்வளவுதான்.

தூரே வந்து சேர்ந்தபின் நெடுநேரம் காத்திருந்தோம். அது எங்காவது படுத்துக்கொள்ள வேண்டும். மைகென் தன் குட்டைக்கால் நாயோடு வந்தாள். லக்ரித்ஸ் என்று பெயர். கருப்பு, நீட்டு உடம்பு, சாசேஜுக்குக் கால் முளைத்த மாதிரி. ரத்தத் தடம் பிடிக்க இந்த வட்டாரத்தில் அதை மிஞ்ச ஆளில்லை. பேசாதிருந்தவள் என் தோளைத் தொட்டு, “எங்க நின்னுச்சு, காட்டுங்க” என்றாள்.

பள்ளத்தின் விளிம்பில் நான் துப்பாக்கியைக் கீழே வைத்தேன். அவர்கள் மண் அல்லவா. தூரே திரும்பிப் பார்த்தார்.

“அதை எதுக்கு வைக்கிற? எடுத்துட்டு வா.”

பாசியில் கரும் ரத்தம், அங்கொரு துளி இங்கொரு துளி. நாய் மூக்கை எடுக்கவே இல்லை. நாங்கள் மூவரும் பின்னால், பேச்சில்லாமல். சதுப்போரம் அது படுத்திருந்தது. தலை நிமிர்ந்துதான் இருந்தது. எங்களைப் பார்த்தது.

தூரே எனக்கு முன்னால் இருந்தார். அவருக்குத்தான் நேராகத் தெரிந்தது. கடைசி ஆண் எல்க்; அவர் நிலம்; அவர் சுட்டிருந்தால் யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. அவர் ஒதுங்கி எனக்கு வழிவிட்டார்.

“நீ ஆரம்பிச்சது. நிதானமா முடி.”

முடித்தேன். பிறகு ஈரப் பாசியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்றுதான் நினைக்கிறேன்.

“உங்க எல்லாரோட நாளையும் கெடுத்துட்டேன்.”

“நாளு நாளைக்கும் வரும். வலியோட ஒண்ணு காட்டுல கெடக்கும்போது நான் இன்னொன்னப் போய்ச் சுடணுமா?”

சேதி தெரிந்து சிக்ஸ்டன் ஓடி வந்திருந்தான். பள்ளத்துக்கு எங்கள் ஊர்ப் பக்கமே தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

“வரலாமா?”

தூரே அவனை மேலும் கீழும் பார்த்தார். “பாஸ்போர்ட் கொண்டாந்தியா?”

மைகென்தான் முதலில் சிரித்தாள். பிறகு எல்லோரும் சேர்ந்து இழுத்தோம். இரண்டு அணிக்காரர்களும், ஒரே கயிற்றில். விழுந்த இடம் உங்களுடையது, ஆகவே இறைச்சியும் உங்களுக்கு என்றேன். “பாதி” என்றார் தூரே. “கொம்பை நீ வச்சுக்க. எனக்கு வேண்டாம், தூசி துடைக்க ஆளில்ல.”

அக்டோபர் 13, ஞாயிறு

எங்கள் பரணை எடுத்துவிடலாம் என்று அணிக் கூட்டத்தில் சொன்னேன். முகங்கள் தரையைப் பார்த்தன. சிக்ஸ்டன் மட்டும் குதித்தான்.

“அவன்தான முதல்ல கட்டுனான்? அவன் முதல்ல எடுக்கட்டும்!”

“நேத்து அவர் யாருக்காகக் காத்திருந்தாரு?”

“அது வேற அக்கா, இது வேற!”

வேறா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடப்பாரையை எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். கூரைப் பலகை இரண்டைக் கழற்றியிருப்பேன், ஏணி ஆடியது. கீழே சிக்ஸ்டன்.

“உன் பேச்சக் கேட்டு வரல. நீ விழுந்து காலை ஒடிச்சுக்கிட்டா தலைவர் பதவி என் தலையில விழும். அதுக்குத்தான்.”

சாயங்காலத்துக்குள் பிரித்துவிட்டோம்.

அக்டோபர் 20, ஞாயிறு

அவர்கள் பரண் அப்படியே நிற்கிறது. இப்போது எதிரில் ஒன்றுமில்லாததால் இன்னும் பெரிதாகத் தெரிகிறது. “சொன்னேன்ல” என்றான் சிக்ஸ்டன். அவர்களும் எடுப்பார்கள் என்று எதிர்பார்த்தா பிரித்தேன்? கொஞ்சம் எதிர்பார்த்தேன்தான்.

நவம்பர் 3, ஞாயிறு

தூரே போன் செய்தார். சுற்றி வளைக்கவில்லை.

“உன் தம்பிகிட்ட டிராக்டர் இருக்குல்ல?”

“இருக்கு. ஏன்?”

“பரணத் திருப்பணும். எங்க சதுப்பப் பாக்குற மாதிரி. பள்ளத்துலேருந்து நல்லாத் தள்ளி.”

“பிரிச்சிடலாம்ல?”

“நல்ல மரம்ப்பா! பிரிக்கிறதாம்! உங்கள மாதிரி ஓட்டைப் பலகையா அது?”

சிக்ஸ்டனிடம் சொன்னேன். தலையைச் சொறிந்தான். “டீசல் அவரு போடுவாரா?” என்றான். பிறகு, நான் வாயைத் திறப்பதற்குள், “சரி சரி, நானே போட்டுக்கிறேன்.”

நவம்பர் 9, சனி

திருப்பியாயிற்று. இழுக்கும்போது ஒரு கால் முறிந்தது. தூரேவும் சிக்ஸ்டனும் யார் தப்பு என்று மத்தியானம் வரை சண்டை போட்டார்கள். அப்புறம் இருவரும் சேர்ந்து புதுக் கால் வைத்தார்கள். மைகென் எல்க் குழம்பும் புளிப்பு லிங்கன்பெர்ரிப் பழ ஜாமும் கொண்டுவந்தாள். பள்ளத்தோரம் நின்றுகொண்டே சாப்பிட்டோம். குளிர் கடுமை. யாரும் வீட்டுக்குப் போக அவசரப்படவில்லை.

மார்ச் 15, சனி

இரு அணிகளும் சேர்ந்து ஒரு கூட்டம், எங்கள் பள்ளிச் சாப்பாட்டறையில். தீர்மானங்கள்: எல்லையோரம் இரு பக்கமும் இனிப் பரண் இல்லை. நாய் எல்லை தாண்டினால் ஒரு போன் போதும். அடிபட்டது தாண்டினால் இரு தரப்பும் நிறுத்த வேண்டும். வாக்கி-டாக்கியில் எல்லோருக்கும் ஒரே அலைவரிசை. கடைசி விஷயத்தில்தான் எதிர்ப்பு: “அப்ப சிக்ஸ்டன் பாடுறத நாங்களும் கேக்கணுமா?”

அதுவும் நிறைவேறியது.

செப்டம்பர் 1, திங்கள்

வேட்டை தொடங்கியது. சிக்ஸ்டனும் நானும் வெட்டுக்காட்டு மேட்டில், ஒரு பைன் மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். வெயில் ஏறியபிறகு கீழே ஓர் எல்க் கன்று, தாயோடு. எட்டுகிற தூரம்தான், ஆனால் வேகமாக நடந்தது. என்னால் சுட்டிருக்க முடியும், சரியாகப் பட்டிருக்குமா என்பது வேறு. துப்பாக்கியை உயர்த்தவில்லை. இரண்டும் பள்ளத்தைத் தாண்டின.

சிக்ஸ்டன் வாக்கி-டாக்கியை வாயருகே வைத்துக்கொண்டு கிசுகிசுத்தான்.

“தூரே, உங்க பக்கம் வருது. தாயும் கன்னும். மெதுவா நடக்கிற இடம் பாத்து நில்லுங்க.”

கொஞ்ச நேரம் காடு சும்மா இருந்தது. பிறகு ஒரே ஒரு வெடிச் சத்தம். அதற்குப்பின் தூரேவின் குரல், மூச்சு வாங்க: “கன்னு. நின்ன இடத்துலயே. நன்றிப்பா, சிக்ஸ்டன்.”

அவன் என்னைப் பார்க்காமல் மறுபக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டான்.

“என்ன பாக்குற? காபி ஆறுது, குடி.”