கைப்பிடி அரிசியின் சத்தம்

அம்மா,

இன்று காலை வடித்த சோற்றில் பாதி குழைந்துவிட்டது, பாதி விறைத்து நின்றது. கடையில் வாங்கிய அரிசி தீரப்போகிறதென்று, அடியில் கிடந்ததை ரேஷன் அரிசியோடு கலந்து உலையில் போட்டிருந்தேன். ஒரு பருக்கையை நசுக்கினால் மாவாகிறது, பக்கத்துப் பருக்கை பல்லில் நறுக்கென்கிறது. அப்பா ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டையே பார்த்தார். "என்னட்டி, சபை அரிசி மாதிரி இருக்கு" என்றார். சொன்ன பிறகுதான் எதைச் சொன்னோம் என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். அதற்கப்புறம் முழுவதையும் சாப்பிட்டு எழுந்தார்.

எனக்கு இறங்கவில்லை. கலந்த அரிசி வேகிற வாசம் வந்தாலே நீ கட்டிலில் டின்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது தெரிகிறது.

மதியம் நான் சபை அரிசிச் சாக்கைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய்விட்டு வந்தேன். நீ நம்பமாட்டாய். ரேஷன் கடையில் பெயர் கேட்டால்கூட உன் முதுகுக்குப் பின்னால் நின்று சொல்லுகிறவள் நான். கிரேஸ் பெரியம்மாவுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. "ஜெபத்துக்கு மடங்குற முட்டி தெருவுக்கு நீள மாட்டேங்குதுடி, இந்த மாசம் நீ போ" என்று சாக்கைக் கையில் திணித்துவிட்டார். போனேன். ஒரு வீட்டு வாசலில் நடந்ததை உன்னிடம் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு நம் பிஸ்கட் டின்னிலிருந்து தொடங்க வேண்டும்.

உலை வைக்கும்போதெல்லாம், அரிசியைக் களைவதற்கு முன்னால், நீ ஒரு பிடி எடுத்து அந்த டின்னில் போடுவாய். காலையில் ஒரு பிடி, சாயங்காலம் ஒரு பிடி. கையை மெதுவாக விரித்து, "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று சொல்லி, மூடியை அழுத்துவாய். டப் என்று கேட்கும். மாதத்தின் முதல் சனிக்கிழமை கிரேஸ் பெரியம்மா வந்து, சபையார் வீடுகளில் சேர்ந்த அரிசியையெல்லாம் ஒரே சாக்கில் கொட்டிக்கொண்டு போவார். அடுப்பு எரியாத வீடுகளுக்கு அது போய்ச் சேரும். பேண்டேஜ் துணி மடிக்கிற வேலையில் நீ களைத்து வந்து வேதம் வாசிக்காமல் தூங்கிப்போன நாட்கள் உண்டு. பிடி அரிசி போடாத நாள் கிடையாது. "மறந்து போயிருவோம்ட்டி. எல்லாம் நம்ம சம்பாத்தியம்னு நெனப்பு வந்துரும். அதுக்குத்தான் இந்த டப்பு" என்பாய்.

நீ நோயில் படுத்த பிறகு அடுப்பு என் கைக்கு வந்தது. பத்தாம் வகுப்பில் பாதியிலேயே பள்ளிக்கூடத்தை விட்டேன். அடுப்படிக்கும் உன் கட்டிலுக்கும் நடுவில் உன் பழைய சேலைதான் திரை. அந்தப் பக்கமிருந்து உன்னால் பார்க்க முடியாது, கேட்க முடியும். டப் என்று கேட்டதும் "ஸ்தோத்திரம்" என்று உன் குரல் வரும். அடுப்புக்கும் கட்டிலுக்கும் நடுவே அது ஒரு பேச்சுப் போல ஆகிவிட்டது.

ஸ்ரீவில்லிபுத்தூர் போய்விட்டு வந்த நாளில் அது கெட்டது. டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். நம் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "இனிமே வலி தெரியாம பாத்துக்கிடலாம்மா" என்றார். அதற்கு அர்த்தம் என்ன என்று பஸ் ஸ்டாண்டு வந்து சேருகிற வரைக்கும் எனக்குப் புரியவில்லை. புரிந்தபோது ராஜபாளையம் பஸ் வந்துவிட்டது. நிற்க இடமில்லாத கூட்டம். யாரோ ஒரு அண்ணன் எழுந்து உனக்கு இடம் விட்டார். நீ உட்கார்ந்து மூச்சு விட்டு, "ஸ்தோத்திரம் ஆண்டவரே, சீட்டு கெடச்சிருச்சு" என்றாய்.

கம்பியைப் பிடித்து நின்ற எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சீட்டுக்கு ஸ்தோத்திரமா? அந்தப் படத்துக்கு யார் பதில் சொல்வது?

"என்னட்டி மொறைக்கிற?"

"ஒண்ணுமில்ல."

"பசிக்கா?"

"ஒண்ணுமில்லன்னு சொல்றேன்ல."

வன்னியம்பட்டி தாண்டுகிற வரைக்கும் நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாய். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

மறுநாள் காலை அரிசியை அளந்தேன். ஒரு பிடி எடுத்தேன். டின்னுக்கு மேலே கையைக் கொண்டுபோனேன். கை விரியவில்லை. எடுத்த பிடியைத் திரும்பப் பானையிலேயே போட்டேன். உடனே பயம் வந்தது, திரைக்கு அந்தப் பக்கம் நீ காத்திருப்பாயே. அரிசி போடாமலே டின் மூடியை அழுத்தினேன். டப். செத்த நேரம் கழித்துத்தான் உன் குரல் வந்தது. "ஸ்தோத்திரம்."

வாயைத் திறக்காமலே பொய் சொல்லலாம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அன்று சாயங்காலமும் சொன்னேன். அடுத்த நாள் இரண்டு வேளையும். ஒவ்வொரு தடவையும் வேண்டுமென்றே கொஞ்சம் பலமாக அழுத்தினேன்.

அந்த மாதம் மழை வேறு பிடித்துக்கொண்டது. ஆலங்குளத்தில் அப்பாவின் லாரிக்கு லோடு ஏறவில்லை, அங்கேயே தங்கிவிட்டார். வீட்டில் அரிசி தீர்ந்தது. பக்கத்து வீட்டில் கேட்க எனக்கு வாய் வராது, உனக்கே தெரியும். வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தேன். டின்னைத் திறந்தேன். நான் நிறுத்துவதற்கு முன்னால் போட்டுவைத்த அரிசி பாதி டின் இருந்தது. அதை அள்ளி மூன்று நாள் பொங்கினேன். ஆண்டவருக்கென்று பிரித்ததை உனக்கு ஊட்டினேன். "சோறு நல்லாருக்குட்டி" என்று நீ சாப்பிட்டாய்.

மூன்றாம் நாள் உனக்கு வலி கூடியது. தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தாய். மாத்திரை கேட்கவில்லை. எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. நான்தான். என் பொய்க்கும் நான் எடுத்த அரிசிக்கும் கணக்கு உன் உடம்பில் தீர்கிறது. இதை யாரிடமும் சொல்ல முடியாது. ஜெபம் பண்ணலாம் என்றால் யாரைக் கூப்பிடுவது? அவரிடமிருந்துதானே ஒளிந்துகொண்டிருக்கிறேன். முதல் சனிக்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணிக்கொண்டே இருந்தேன். அதற்குள் அப்பா வந்துவிட்டால் ஒரு படி வாங்கி டின்னில் கொட்டிவிடலாம். யாருக்கும் தெரியாது.

அப்பாவுக்கு முன்னால் சனிக்கிழமை வந்துவிட்டது.

கிரேஸ் பெரியம்மாவின் குரல் வழக்கம்போல அவருக்கு முன்னால் உள்ளே வந்தது. "ஏட்டி, எங்க ஒங்கம்மா? இந்தச் சாக்கத் தூக்கித் தூக்கி எனக்கு ஒரு தோளு எறங்கிப் போச்சு. பரலோகத்துல இப்படிக் கோணலா போய் நின்னா ஆண்டவருக்கே அடையாளம் தெரியாது."

நீ சிரித்தாய். நான் அதற்குள் அடுப்படிக்குப் போய், "நானே கொண்டாந்து கொட்டுறேன் பெரியம்மா, நீங்க வாசல்லயே இருங்க" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"இல்லட்டி. டின்ன எங்கிட்டக் கொண்டா. இந்தத் தரம் என் கையால குடுக்கணும்" என்றாய்.

அடுப்படியில் நின்றேன். டின்னில் மண் அள்ளிப் போடலாமா என்றுகூட நினைத்தேன் அம்மா. உண்மையாகவே நினைத்தேன். கடைசியில் அந்த வெறும் டின்னை இரண்டு கையாலும் கனமானதைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு வந்தேன். உன் கையில் வைத்தேன். உன் கைக்கு எடை தெரிந்ததை நான் பார்த்தேன். விரல்கள் ஒருமுறை இறுகின. அவ்வளவுதான். பெரியம்மா சாக்கின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நீ மூடியைத் திறக்கவில்லை. டின்னை மடியில் வைத்து, என்னைப் போலவே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாய்.

"அக்கா, இந்த மாசம் எங்களுக்கு அரிசி வேணும். இதுல ரொப்பிட்டுப் போங்க" என்றாய்.

நம் வீட்டில் யாரும் அதுவரை அந்தச் சாக்கிலிருந்து வாங்கியதில்லை. பெரியம்மா உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு சாக்கைத் தரையில் இறக்கினார்.

"இதக் கேக்க ஒனக்கு இம்புட்டு நாளா? நான் தூக்குற பாரம் கொறையட்டும்னு இப்பவாச்சும் தோணுச்சே" என்று சொல்லிக்கொண்டே, டின்னைத் தன் பக்கம் திருப்பி மூடியைத் திறந்து, அள்ளி அள்ளிப் போட்டார். டின் காலியாக இருந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. போகும்போது என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு கதவைச் சாத்தினேன். நான் சுவரோடு சுவராக நின்றேன்.

"வா, உக்காரு" என்றாய்.

உட்கார்ந்தேன்.

"அரிசி விழுந்தா ஒரு சத்தம் வரும்ட்டி. மொதல்ல அது, பொறவு மூடி. இப்பல்லாம் மூடி மட்டுந்தான் கேக்குது."

"எப்பருந்து தெரியும்?"

"மொத நாளே."

"பொறவு எதுக்கு ஸ்தோத்திரம் சொன்ன?"

"நீ டின்னத் தொறந்தேல்ல, அதுக்கு. கோவிச்சுக்கிட்டவ அந்தப் பக்கமே போகாம இருந்திருக்கலாம். நீ ரெண்டு வேளையும் போய் நின்னியே."

"ஒன்ன ஏமாத்தத்தாம்மா போனேன்."

"எதுக்கோ போன. போனேல்ல."

அப்போதுதான் எல்லாவற்றையும் கொட்டினேன். அந்த அரிசியைப் பொங்கியதை, அதனால்தான் உனக்கு வலி கூடியது என்று நான் நினைத்ததை. நீ சிரித்தாய். சிரித்தது வலித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டாய்.

"அடி கிறுக்கி. அரை டின் அரிசிக்கு என்னய போட்டு அடிக்கிறவரா அவரு? அப்படிப்பட்டவருக்கா நான் இம்புட்டு வருசமா அள்ளிப் போட்டேன்?"

கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தாய். தூங்கிவிட்டாய் என்று நினைத்தேன். கண்ணைத் திறக்காமலே சொன்னாய்:

"அன்னைக்கு பஸ்ஸுல எனக்கு காலு நடுங்கிக்கிட்டு இருந்துச்சு. டாக்டரு சொன்னதுக்கு ஸ்தோத்திரம் சொல்ல எனக்கும் வாய் வரலட்டி. சீட்டுக்குத்தான் வந்துச்சு. வந்ததச் சொன்னேன்."

நீ பயந்தாய் என்று அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. உன் கையைப் பிடித்துக்கொண்டேன். அது சில்லென்று இருந்தது.

அன்று சாயங்காலம் அந்த அரிசியைப் பொங்கினேன். யார் யார் வீட்டு அரிசியோ. சோறு பாதி குழைந்து பாதி விறைத்து வந்தது. "நல்லாருக்கு" என்று நீ மறுபடியும் சொன்னாய். உலை வைப்பதற்கு முன்னால் அதிலிருந்தே ஒரு பிடி எடுத்துத் திரும்ப டின்னில் போட்டிருந்தேன். வாங்கியதிலிருந்து கொடுப்பது சரியா என்று உன்னைக் கேட்டதற்கு, "வாங்காததுன்னு நம்மகிட்ட என்னட்டி இருக்கு" என்றாய். அதன் பிறகு ஒவ்வொரு வேளையும் முதலில் அரிசி விழுகிற சத்தம் கேட்டது, பிறகு மூடி, பிறகு நீ. உன் குரல் வரவர மெலிந்துகொண்டே வந்தது. ஒரு நாள் காலையில் மூடிக்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. நான் திரையை விலக்கவே இல்லை. இன்னொரு முறை திறந்து அழுத்தினேன். இன்னொரு முறை. அதற்கப்புறம்தான் விலக்கினேன்.

இப்போது இன்று மதியத்துக்கு வருகிறேன்.

மில்லுக்குப் பின்னால் உள்ள வீடுகளில் கடைசி வீடு. கதவைத் திறந்த அக்காவுக்கு என்னைவிட மூன்று நான்கு வயது கூட இருக்கும், இடுப்பில் கைக்குழந்தை. நான் சாக்கைக் காட்டினேன், பேசவில்லை. அவர் உள்ளே போய் ஒரு தூக்குவாளியைக் கொண்டுவந்தார். தரையைப் பார்த்துக்கொண்டே, "கொஞ்சந்தான் இருக்கும்" என்றார். வாளியை வாங்கினேன். என் கைக்கு எடை தெரிந்தது.

அம்மா, அப்படியே கொட்டுவது போலப் பாவனை செய்துவிட்டு ஓடிவிடலாம் என்றிருந்தது. மூடியைத் திறக்காமல், வாளியை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன். தொண்டையைக் கனைத்தேன். ஒன்றும் வரவில்லை. குழந்தை என் ரிப்பனைப் பிடித்து இழுத்தது. அந்த நேரத்தில் எப்படியோ வந்துவிட்டது.

"ரொப்பித் தரட்டுமாக்கா?"

அவர் முகம் சிவந்துவிட்டது. "நாங்க அப்படி வாங்குறவிய இல்ல" என்றார்.

"எங்க வீட்லயும் ஒரு தரம் ரொப்பிருக்காங்க" என்றேன்.

வேறு எதுவும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சபையில் எத்தனையோ பேர் மைக்கைப் பிடித்து அழகாகச் சாட்சி சொல்வார்கள். என் பெயரைக் கூப்பிட்டுவிடுவார்களோ என்று நான் பாயைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். எனக்கிருக்கிற சாட்சி இவ்வளவுதான், இதையும் ஒருவரிடம்தான் சொன்னேன். அவர் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினார். பிறகு தெருவைப் பார்த்துவிட்டு, "சீக்கிரம் போடு" என்றார். நான் அள்ளினேன். வெறும் வாளியில் அரிசி விழுகிற சத்தம் எவ்வளவு பெரிதாகக் கேட்கிறது. குழந்தை அதைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தது.

இன்னும் சில நாள் எனக்குக் கோபம் வருகிறது அம்மா. உலை கொதிக்கும்போது, உன் கட்டில் கிடந்த இடத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டால், கை விரிய மாட்டேன் என்கிறது. அன்றைக்கும் டின்னிடம் போகிறேன். ஆனால் முன்பு போல வெறுமனே டப் என்று மூடுவதில்லை. மூடியைத் திறந்து பக்கத்தில் வைத்துவிட்டு, சோறு வேகிற வரைக்கும் அப்படியே திறந்து விட்டிருக்கிறேன். அநேகமாக, வடிப்பதற்குள் கை விரிந்துவிடும்.