மகளை எழுப்பும் சொல்

ஒரிஸ்ஸா மலைமுகாம்
12-7-1955

அன்புள்ள ஜெபமாலைக்கு,

கர்த்தருடைய கிருபையால் சுகமாயிருக்கிறேன். நீயும் சுகமாயிருக்க வேண்டும். மழை பிடித்துக்கொண்டதால் தபால்காரர் மலையேறி வருவதில்லை. சந்தைக்குப் போகிறவர்கள் கையில்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தாமதமானால் கோபித்துக்கொள்ளாதே.

மிஷன் துரையும் நானும் இந்தச் சனங்களின் பாஷையில் சுவிசேஷத்தை மொழிபெயர்த்து ஐந்தாம் அதிகாரம் வரை வந்துவிட்டோம். எழுத்தே இல்லாத பாஷை. ஒவ்வொரு சொல்லையும் யாரிடமாவது கேட்டுத்தான் வாங்க வேண்டும். எங்களுக்குச் சொல் கொடுக்கிறவள் சுக்ரி என்ற விதவை. அவளுக்கு இரண்டு பெண்பிள்ளைகள். செத்துப்போன சிறுபெண்ணைக் கர்த்தர் கையைப் பிடித்து எழுப்புகிற இடத்தில் தடுமாறி நின்றுவிட்டோம். 'எழுந்திரு' என்பதற்கு நாங்கள் வைத்திருந்தது மாட்டைக் கிளப்புகிற சொல்லாம். கடைசியில் சுக்ரியிடம், "காலையில் உன் மூத்தவளை எப்படி எழுப்புவாய்?" என்று கேட்டேன். வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னாள். தாய் தன் பிள்ளையிடம் மட்டும் சொல்கிற சொல். அதையே எழுதிக்கொண்டோம். துரைக்கு அன்று முழுக்கச் சந்தோஷம்.

நீ இங்கே வருவதைப் பற்றி மறுபடியும் கேட்டிருந்தாய். குடிசை ஒழுகுகிறது. இன்னும் கொஞ்ச காலம் பொறு.

உன் அன்புள்ள,
எட்வர்ட்


இராமநாதபுரம்
5-8-1955

அன்பு அத்தானுக்கு ஜெபமாலை எழுதிக்கொண்டது.

கடிதம் கிடைச்சது. தங்கச்சிமடம் போயிட்டு வந்தேன். மாதா கோயிலை விட்டுட்டு வேற சபைக்காரருக்கு வாக்கப்பட்டேன்னு அய்யாவுக்கு என் மேல உள்ள கோவம் இன்னும் ஆறலை. உங்க பேரைச் சொல்றதில்லை. ஆனா நான் கிளம்பும்போது, "அந்த மலையில மீன் கிடைக்குமா"ன்னு கேட்டு, கருவாடு கட்டிக் கொடுத்தார். தனியா அனுப்பியிருக்கேன்.

கொஞ்ச காலம் பொறுன்னு நீங்க எழுத ஆரம்பிச்சு ரெண்டு வருஷமாச்சு. ஆஸ்பத்திரியில ராவும் பகலும் நர்ஸ் வேலை பார்க்கிறவ, ஒழுகுற குடிசைக்கா பயப்படப் போறேன்? உங்களுக்கு நான் வாரதுல இஷ்டமில்லைன்னா அதையாவது நேரா எழுதுங்க.

சுக்ரி பிள்ளைகளை நான் விசாரிச்சதாச் சொல்லுங்க.

உங்கள்,
ஜெபமாலை


ஒரிஸ்ஸா மலைமுகாம்
20-10-1955

ஜெபமாலைக்கு,

மணல்வாரி அம்மை மலையேறி வந்துவிட்டது. சந்தைக்குப் போய்வந்தவர்களோடு வந்திருக்கும். துரை அச்சு வேலையாகக் கட்டாக் போயிருந்தார். டாக்டரை அழைத்துவர ஆள் அனுப்பினேன். ஆற்றில் வெள்ளம் என்று பாதியில் திரும்பி வந்துவிட்டான். பிள்ளைகள் அடுத்தடுத்துப் போனார்கள். சுக்ரியின் மூத்தவள் புத்னியும் போய்விட்டாள்.

காலையில் சுக்ரி அவளைத் தூக்கிக்கொண்டு என் வாசலுக்கு வந்தாள். என் பாயில் கிடத்தினாள். உடம்பு சில்லிட்டிருந்தது.

"அந்தக் கதையை வாசி" என்றாள்.

"சுக்ரி, அது..."

"நான் கொடுத்த சொல்தானே. வாசி."

வாசித்தேன், ஜெபமாலை. வேறென்ன செய்ய? அந்தச் சொல் வந்தபோது பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அவளும் கூடவே சொன்னாள். பிறகு என்னைப் பார்த்து, "நீ சரியாகச் சொல்லவில்லை. இன்னொரு தரம் வாசி" என்றாள். மறுபடியும் வாசித்தேன். மதியம் வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம். பிறகு அவளுடைய சனங்கள் வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு போனார்கள்.

எனக்கு ஜெபம் பண்ண வாய் வரவில்லை. நீ ஏதாவது எழுது.

எட்வர்ட்


இராமநாதபுரம்
9-11-1955

அன்பு அத்தானுக்கு,

என்ன எழுதன்னு தெரியாம ரெண்டு தடவை எழுதிக் கிழிச்சிட்டேன்.

நான் அங்கன இருந்திருந்தா அந்தப் பிள்ளை பிழைச்சிருக்கும்னு சொல்ல மாட்டேன். மணல்வாரிக்கு மருந்து கிடையாது. தண்ணி கொடுக்கணும், கண்ணைத் துடைக்கணும், நெஞ்சில சளி கட்டாமப் பார்த்துக்கிடணும். சிலது பிழைக்கும், சிலது பிழைக்காது. போன வாரம் எங்க வார்டுல தேவிபட்டினத்துப் பிள்ளை ஒண்ணு, டாக்டர் பக்கத்துல நிக்கும்போதே போச்சு. அதோட அம்மா என் கையைப் பிடிச்சிக்கிட்டு விடவே இல்லை. நானும் பிடிச்சிக்கிட்டே நின்னேன்.

அதுக்கப்புறம் சுக்ரி வீட்டுக்குப் போனீங்களா? அதை எழுதலையே. போயிட்டு வாங்க. புஸ்தகத்தைக் கொண்டு போக வேண்டாம்.

ஜெபமாலை


ஒரிஸ்ஸா மலைமுகாம்
14-12-1955

அன்புள்ள ஜெபமாலைக்கு,

நீ சொன்னபடி போனேன். சின்னவளுக்குக் கஞ்சி ஊட்டி முடிக்கும்வரை அவள் என்னைப் பார்க்கவில்லை. பிறகு, "என் சொல்லைத் திருப்பிக் கொடு" என்றாள். "அது என் பிள்ளையை எழுப்புகிற சொல். உங்கள் காகிதத்தில் அது இருக்க வேண்டாம்."

துரை திரும்பி வந்ததும் சொன்னேன். அழுதார். ஆனால் கட்டாக் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்தாகிவிட்டது, இதைவிடச் சரியான சொல் கிடைக்காது என்கிறார். அவர் சொல்வதும் மெய்தான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சுக்ரியிடம் போய், முடியாது என்று நான்தான் சொன்னேன். அவள் சண்டை போடவில்லை. இப்போது சின்னவளைத் தோளைத் தொட்டுத்தான் எழுப்புகிறாள். வாய் திறப்பதில்லை. சின்னவளுக்கு அம்மை இறங்கியும் இருமல் நிற்கவில்லை.

இனி என்னால் இந்த வேலை செய்ய முடியாது. துரையிடம் சொல்லிவிட்டேன். பொங்கலுக்கு முன்னால் வந்துவிடுவேன். வந்து சேரும் நாளைத் தந்தியில் தெரிவிக்கிறேன். ஸ்டேஷனுக்கு வா.

எட்வர்ட்


இராமநாதபுரம்
2-1-1956

அன்பு அத்தானுக்கு,

வாங்க. ஸ்டேஷனுக்கு வாரேன். ஏன் விட்டுட்டு வந்தீங்கன்னு ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்.

ஆனா ஒண்ணு சொல்லணும். உங்க கடிதம் வாரதுக்கு முன்னாலயே, என்னை அந்த மலைக்கு அனுப்பச் சொல்லி மிஷனுக்கு எழுதிப் போட்டிருந்தேன். அங்கன ஒரு நர்ஸ் வேணும்னு இப்பத்தான் அவங்களுக்குத் தோணியிருக்கு. பிப்ரவரியில கிளம்பச் சொல்லி உத்தரவு வந்திருக்கு. அய்யாகிட்டச் சொன்னேன். வலை முடியறதை நிறுத்தாம, "அவன் வாரான், நீ போறியா"ன்னு கேட்டார்.

நான் போய் என்னத்தைச் செஞ்சிரப் போறேன்? அந்தப் பாஷையில ஒரு வார்த்தை தெரியாது. சுக்ரி என்னை வாசல்ல சேர்ப்பாளான்னும் தெரியாது. கடிதத்தை வாசிச்சதுல இருந்து அந்தச் சின்னப்பிள்ளை இருமுறதுதான் காதுல கேட்டுக்கிட்டே இருக்கு.

நீங்க வந்து நல்லாச் சாப்பிட்டுத் தூங்குங்க. என்கூடத் திரும்ப வரணும்னு கேட்கலை. வர வேண்டாம்னும் சொல்லலை.

சின்னவ பேரு என்னன்னு மட்டும் வந்ததும் சொல்லுங்க. ஒரு கடிதத்துலயும் நீங்க எழுதலை.

உங்கள்,
ஜெபமாலை