கேலன் ஊர் சுற்றிக் காட்டிய விருந்தாளி

ஏப்ரல் 9
எங்கள் கல்லூரிக் கூடைப்பந்து அணியில் இன்னும் ஓர் இடம் காலி. வருகிறவனுக்குக் கொடுக்கக் கையில் மூன்று லட்சத்து இருபதாயிரம் டாலர். வேறு கல்லூரியில் ஆடும் டெமாரி வாகனின் ஏஜென்ட் காலையில் அழைத்தார். நலம்கூட விசாரிக்காமல் மூன்று லட்சம் என்றார்.

தலைமை கோச் ஸ்ட்ரவுட் தலையில் கை வைத்தார். "என் வீட்டை வித்தாலும் இவ்வளவு தேறாதுய்யா ஹார்லன்!"

ஆனால் பையன் ஆட்டத்துக்கு இருபது புள்ளி எடுக்கிறவன். எங்களிடம் அப்படி ஒருத்தன் இல்லை.

ஏப்ரல் 11
காசு சரி. நம் அணிக்குப் பொருந்துவானா? உதவி கோச்சான என் வேலை அதைப் பார்ப்பதுதான். வாகனின் இப்போதைய கல்லூரியில் மூன்று பேரிடம் பேசினேன். நான் நம்புவது அணிக்குத் துணி துவைக்கிறவரை. "தோத்த அன்னிக்கும் சட்டையை நல்லாத் திருப்பித்தான் கூடையில போடுவான்" என்றார். போதும்.

ஏப்ரல் 14
வாகன் நாளை எங்கள் கல்லூரியைப் பார்க்க வருகிறான். கூடவே இருக்க எங்கள் பையன் ஒருத்தன் வேண்டும். கேலன் பிரைஸ்தான், வேறு யார்? மூன்று வருஷமாக எங்கள் கேப்டன். வருகிற எல்லாருக்கும் அவன்தான் ஊர் சுற்றிக் காட்டுவான்.

"அதே ஸ்டேக் ஓட்டல்தானே கோச்? உங்க செலவுன்னா நான் ரெடி" என்றான்.

ஏப்ரல் 16
வாகன் போய்விட்டான். எப்படி என்று கேலனிடம் கேட்டேன்.

"நல்ல பையன் கோச். எடுத்துக்குங்க." கொஞ்சம் நிறுத்தி, "அவனுக்கு எவ்வளவுன்னு சாப்பிடும்போது அவனே சொன்னான்" என்றான். சிரித்தான்.

நான் பேச்சை மாற்றினேன். கேலனுக்கு நாங்கள் கொடுப்பது நாற்பதாயிரம்.

ஏப்ரல் 17
மிச்சமிருக்கும் இருபதாயிரத்தைக் கேலனுக்குக் கொடுக்கலாமே என்றேன்.

"அவன் எங்கய்யா போகப் போறான்? நம்ம வீட்டுப் பையன்" என்றார் ஸ்ட்ரவுட்.

நானும் தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்?

ஏப்ரல் 18
வாகன் கையெழுத்துப் போட்டான்.

ஏப்ரல் 21
வேறு கல்லூரிக்குப் போக நினைப்பவர்கள் பெயர் கொடுக்க இன்றே கடைசி நாள். நாலு மணிக்குக் கேலன் என் அறைக்கு வந்தான். பெயர் கொடுத்துவிட்டானாம்.

"கோபமாடா?"

"இல்ல கோச். அவன் கேட்டான், கெடச்சுது. கேக்கணும்னே எனக்குத் தெரியாமப் போச்சு."

அவனைப் போய் வாகனோடு அனுப்பினேனே — வேறு எவனையாவது அனுப்பியிருக்கக் கூடாதா? இல்லை, அதுவும் தப்பு. அந்த இருபதாயிரத்தைக் கொடுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். வெட்கமாக இருக்கிறது.

மே 3
டகோடாவிலிருந்து ஹெல்கசன் அழைத்தார். அங்கே ஒரு கல்லூரி அணிக்குத் தலைமை கோச். கேலனைப் பற்றி விசாரித்தார். நான் மற்றவர்களிடம் கேட்கும் அதே கேள்விகள்.

"பொருந்துவானா?"

"புதுசா யார் வந்தாலும் அவனோடதான் அனுப்புவோம்."

"நீங்க எவ்வளவு குடுத்தீங்க?"

நாற்பது என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் அறுபதோடு முடித்துவிடுவார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

"அத விடுங்க. ரெண்டு லட்சத்துக்குக் கொறஞ்சு அவனக் கூப்பிடாதீங்க."

போனை வைத்ததும் கேலனை அழைத்தேன். "ஹெல்கசன் பேசுவாரு. ரெண்டு லட்சம் கேளு."



"அவ்வளவு கேக்கலாமா கோச்?"

"கேளுடா."

நவம்பரில் ஹெல்கசன் அணியோடு எங்களுக்கு ஆட்டம் இருக்கிறது. நான் செய்ததை ஸ்ட்ரவுட்டிடம் இன்னும் சொல்லவில்லை.