வெறும் வயித்திலை ஒரு குளிசை

கிரான்பர்ன்
ஆகஸ்ட் 2011

அன்பு மகள் நிவேதிகாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது,

லண்டனிலை நீ நோய் நொடியில்லாமல் இருக்க முருகனை மன்றாடுறன். நானும் சுகம். இவ்வளவு நாளும் போனிலை சுகம் எண்டு சொன்னது வாய்ப்பேச்சு, இந்த முறை உண்மையாய்த்தான் எழுதுறன், ஆனபடியால் பதறாமல் கடைசிமட்டும் வாசி. போனிலை சொல்ல வெளிக்கிட்டால் அழுதிடுவன் எண்டுதான் கடிதம்.

நீ போன பிறகு வீட்டிலை குளிர் கூடிப்போச்சு எண்டு நினைச்சன். ஹீட்டரைப் போட்டு, அப்பாவின்ரை பழைய ஸ்வெட்டரையும் போட்டுக்கொண்டு இருந்தாலும் உள்ளுக்கை நடுங்கும். ஒரு ஆளுக்குச் சமைக்க மனமில்லை, பாணும் பருப்பும்தான், எண்டாலும் உடம்பு ஊதிக்கொண்டு வந்தது. கதிரையிலை இருந்தால் அப்பிடியே நித்திரை. சந்திரவதனா அன்ரி வந்து பாத்திட்டு, இது மகள் போன கவலை சிவசோதி, கோயிலுக்கு வாரும், நாலு பேரோடை கதைச்சால் சரிவரும் எண்டா. நானும் அப்பிடித்தான் நம்பினன். பிறகு தலைமயிர் கொட்டத் தொடங்கிச்சுது. தலையணையிலை அதைக் கண்ட உடனை பழைய ஆஸ்பத்திரிக் கட்டில்தான் கண்ணுக்கை வந்தது. நீ அப்ப சின்னப்பிள்ளை, எவ்வளவு நினைவிருக்கோ தெரியாது. இரத்தப் புற்றுநோய்க்கு முழு உடம்புக்கும் கதிர் அடிச்சு, என்ரை எலும்பு மச்சையை அழிச்சுப்போட்டு, இந்திரகுமார் மாமா தந்த மச்சையை ஏத்தித்தான் என்னை எழுப்பினவை. இத்தனை வருஷம் கழிச்சு அது திரும்பி வந்திட்டுது எண்டு நானே முடிவெடுத்திட்டன்.

டொக்டர் சேஷாத்ரி இரத்தம் எடுத்தார். இரண்டு மூண்டு நாளாலை வரச்சொல்லிப் போன் வந்தது. ஃபிரிஜ்ஜைக் கழுவித் துடைச்சு, ஆஸ்பத்திரிக்கு ஒரு பையும் அடுக்கி வைச்சிட்டுத்தான் பஸ் ஏறினன். அவர் தமிழ்நாட்டு ஆள், மெல்லமாய்க் கதைப்பார். பயப்படாதீங்கம்மா, பழைய வியாதி வரலை, இது தைராய்டு, அன்னிக்குக் கொடுத்த கதிர் கழுத்துல இருக்கிற சுரப்பியையும் பாதிச்சிருக்கு, பல வருஷம் கழிச்சும் இப்படி வரும் எண்டார். கழுத்தைத் தடவிப் பாத்து, கட்டி ஒண்ணும் இல்லை, ஆனா வருஷா வருஷம் பாக்கணும் எண்டும் சொன்னார். மருந்து எவ்வளவு காலத்துக்கு எண்டு கேட்டன். தினம் ஒரு மாத்திரை, வாழ்நாள் முழுக்க எண்டார். வாழ்நாள் முழுக்க எண்ட சொல்லு காதுக்கு எவ்வளவு நல்லாயிருந்தது தெரியுமோ.

வெளியிலை வந்து பஸ் தரிப்பிலை நிண்டன். ஆருக்காவது சொல்லவேணும் போலை கிடந்தது. உனக்கு அங்கை நடுச்சாமம். சந்திரவதனா வேலையிலை. அப்பாவும் இல்லை. பக்கத்திலை ஒரு ஆப்கான் பொம்பிளை குழந்தை வண்டிலோடை நிண்டவ. அவவின்ரை கையைப் பிடிச்சு, நோ கான்சர், நோ கான்சர் எண்டு சொல்லி அழுதிட்டன். அவவுக்கு என்ன விளங்கிச்சுதோ, பஸ் வருமட்டும் என்ரை கையை விடேல்லை. பின்னேரம் இந்திரகுமார் மாமாவுக்குச் சொன்னால், அவன் பாவம், நான் தந்தது பழுதாப்போச்சோ அக்கா எண்டு ஏங்கிப்போனான். உன்ரை இரத்தம் என்ரை உடம்பிலை நல்லாய்த்தான் ஓடுது, அதுக்கு முதல் அடிச்ச கதிர் செய்த வேலை இது எண்டு சொல்லித் தேத்தினன்.

குளிசை காலமை வெறும் வயித்திலை போடவேணும், அரை மணித்தியாலத்துக்குத் தேத்தண்ணி கூடாது. போடத் தொடங்கி இரண்டு மாசமாச்சு, இப்ப தெம்பு வந்திட்டுது, நேற்றுக் கத்தரிக்காய்க் குழம்பும் வைச்சனான். ஆனால் பிள்ளை, எது இந்தத் தைராய்டு வருத்தத்தாலை வந்தது, எது நீ இல்லாததாலை வந்தது எண்டு முந்திப் பிரிக்கத் தெரியேல்லை. வருத்தம் விலகினாப் பிறகு, குளிசைக்கும் தேத்தண்ணிக்கும் இடையிலை சும்மா இருக்கிற நேரத்திலைதான் மிச்சம் என்னெண்டு தெரியுது. நீ வாறன் எண்டு கேட்ட நேரமெல்லாம் டிக்கட் விலை, படிப்பு எண்டு நான்தான் மறிச்சனான். இனி மறிக்கமாட்டன். மார்கழிக்கு வா. எனக்கு உன்னைப் பாக்கவேணும்.

நேரத்துக்குச் சாப்பிடு, தலை ஈரத்தோடை வெளியிலை போகாதை. கடவுள் எப்பவும் உனக்குத் துணை நிப்பார். டிக்கட் போட்ட உடனை சொல்லு, மறக்காதை.

வழி பாத்திருக்கும் அம்மா,
சிவசோதி