காலடி மண்

அக்கா,

வரதராஜப் பெருமாள் கோயில் மதிலோரம் சாயங்காலமானால் கடலை வண்டி வந்துவிடுகிறது. சூட்டு மணலில் கடலை வறுபடும் வாசனை வந்ததும் நான் யாழினியின் கையைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விடுகிறேன். அவளுக்கு இப்போது பதினொரு வயது. "தின்னாத்தாம்மா ஆவாது, வாசனைக்கு ஒண்ணும் ஆவாது" என்று சிரிக்கிறாள். எனக்கு அந்த வாசனையில் உங்கள் முந்தானை முடிச்சு நினைவுக்கு வருகிறது. அதை நான் அவளிடம் சொல்வதில்லை.

நீங்கள் போய் மூன்று வருஷம் ஆகிவிட்டது. உயிரோடு இருந்தபோது சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன். கேட்க ஆளில்லாத இடத்தில் எனக்குத் தைரியம் வந்திருக்கிறது.

எங்கள் தறியில் ஒரு பாவு முடிந்து அடுத்தது ஏறும்போதெல்லாம் உங்களைத்தான் கூப்பிடுவோம். புதுப் பாவின் ஆயிரக்கணக்கான இழைகளைப் பழைய இழைகளோடு ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்கிற வேலை. விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்தீர்களானால் இடுப்பு நோவு என்ற பேச்சே வராது. இரண்டு வீடு தள்ளித் தனியாக இருந்தீர்கள். புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. நான்கு வயது யாழினி உங்கள் மடியருகிலேயே கிடப்பாள். "பங்காரு, இங்க வா" என்று உங்கள் வீட்டுத் தெலுங்கில் கொஞ்சி, முந்தானை முடிச்சிலிருந்து கடலை உருண்டை ஒன்றை எடுத்து அவள் வாயில் போடுவீர்கள். வெல்லம் காய்ச்சி நீங்களே பிடித்தது. கடலை பித்தம் என்று என் மாமியார் அதை வீட்டுக்குள் சேர்த்ததே இல்லை. அதனால் திருட்டுத்தனமாகக் கொடுத்தீர்கள். நானும் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், நான் பார்த்தேன்.

கொஞ்ச நேரத்தில் பிள்ளை கழுத்தைச் சொறியும். காரணமில்லாமல் கத்தும். தூக்கப் போனால் கடிக்கும், தலையைச் சுவரில் மோதும். ஒருநாள் நீங்கள் சேர்த்து முடித்த இழைகளுக்குள் இரண்டு கையையும் விட்டு வாரி இழுத்துவிட்டாள். அரை நாள் வேலை போயிற்று. நான் அவளைப் போட்டு அடித்தேன். நீங்கள்தான் நடுவில் விழுந்து தடுத்தீர்கள். "வுடும்மா, கொழந்ததான. நான் திரும்பப் போட்டுக்கறேன்" என்றீர்கள். கழுத்திலும் முதுகிலும் சிவந்து தடித்திருந்தது. நான் அடித்த அடி என்று நினைத்தேன். மற்ற நாட்களில் அதற்கு வேர்க்குரு என்று பெயர் வைத்திருந்தோம்.

என் மாமியார்தான் முதலில் சொன்னார். "கவனிச்சியா? அவ வந்துட்டுப் போற அன்னைக்குத்தான் இது ஆடுது. புள்ள இல்லாதவ கண்ணு, சும்மா வுடுமா?"

நான் பிளஸ் டூ படித்தவள், முதலில் சிரித்தேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். போன பாவுக்கும் அப்படித்தான், அதற்கு முந்தின பாவுக்கும் அப்படித்தான். ஒரு தடவைகூடத் தவறவில்லை. அவர் கவனித்தது முழுக்கச் சரி அக்கா. அதனால்தான் நான் நம்பினேன்.

கண் பட்டவரின் காலடி மண்ணை எடுத்து, மிளகாயும் உப்பும் சேர்த்துப் பிள்ளையைச் சுற்றி அடுப்பில் போட வேண்டும் என்றார். நான்தான் போனேன். உங்கள் வாசற்படிக்குக் கீழே குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளும்போது கதவு திறந்தது. நீங்கள் என் கையைப் பார்த்தீர்கள். இந்த ஊரில் அதற்கு விளக்கம் யாருக்கும் தேவையில்லை. கத்துவீர்கள் என்று நினைத்தேன், கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்திவிட்டு வந்திருப்பேன்.

"என் கால் மண்ணுதான வோணும்? கேட்டிருந்தா நானே அள்ளிக் குடுத்திருப்பேனேம்மா."

அவ்வளவுதான் சொன்னீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. பிள்ளையின் ஆட்டமும் நின்றுவிட்டது. இதைவிட வேறு என்ன அத்தாட்சி வேண்டும்? தெருவில் எல்லோரிடமும் சொன்னோம். வேறு வீடுகளிலும் உங்களைப் பாவுக்குக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். வேலையில்லாமல் நீங்கள் ஐயம்பேட்டைக்குக் குடிபோனீர்கள்.

ஒருமுறை ஷேர் ஆட்டோவுக்கு நின்றபோது எங்களைப் பார்த்துவிட்டு அருகில் வந்தீர்கள். கை முந்தானை முடிச்சுக்குப் போயிற்று. யாழினி, நாங்கள் சொல்லிக்கொடுத்திருந்தபடி, முகத்தைத் திருப்பிக்கொண்டு என் பின்னால் ஒளிந்தாள். உங்கள் கை இறங்கிவிட்டது. அன்று அவள் வாங்கித் தின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் இப்போது யோசிக்கிறேன். எந்தப் பக்கம் யோசித்தாலும் நிம்மதி இல்லை.

உங்கள் சாவுக்கு நான் வரவில்லை.

போன வருஷம் பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் யாரோ பிள்ளைகளுக்குக் கடலை மிட்டாய் கொடுத்திருக்கிறார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது யாழினியின் உதடும் கண்ணும் வீங்கி, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுப் பிழைக்க வைத்தார்கள். பிறகு டாக்டர் சாவகாசமாகக் கேட்டார், சின்ன வயதில் கடலை தின்று ஏதாவது ஆகியிருக்கிறதா என்று. எங்கள் வீட்டில் கடலையே கிடையாது என்று சொல்ல வாயெடுத்தேன். பாதியில் நின்றுவிட்டேன். உங்கள் முந்தானை முடிச்சைச் சொன்னேன்; கடித்ததையும் மோதியதையும் சொன்னேன்.

"தொண்டை நமைக்குது, வயித்த வலிக்குதுன்னு நாலு வயசுப் புள்ளைக்குச் சொல்லத் தெரியாதும்மா. கத்தும், கடிக்கும். நீங்க அடம்னு நெனச்சிருப்பீங்க" என்றார்.

அடம் என்று நினைத்திருந்தால்கூடப் பரவாயில்லை.

வீட்டுக்கு வந்து மாமியாரிடம் சொன்னேன். கண்ணுமில்லை, மண்ணுமில்லை, கடலைதான் என்று. அவர் அசரவில்லை. "அப்ப நாஞ் சொன்னது சரியாப் போச்சுல்ல. அவ கையாலதான வந்துச்சு?" என்றார். தெருவிலும் அதையேதான் சொல்கிறார்கள். உங்கள் பெயரைத் துடைக்கப் போய் இன்னும் கொஞ்சம் கரி பூசிவிட்டு வந்தேன்.

நீங்கள் இன்னும் இருந்து, உங்களிடமே வந்து சொல்லியிருந்தால் தாங்கியிருப்பீர்களா? கண் என்றால் பொய் என்று தூக்கிப் போடலாம். கொடுத்தது உங்கள் கை என்று தெரிந்தால் அந்தக் கையை நீங்கள் மன்னித்திருக்கவே மாட்டீர்கள். நீங்கள் தெரியாமலே போனது நல்லது என்று சில நாள் தோன்றுகிறது. உடனே, யாருக்கு நல்லது என்று என் மீதே கோபம் வருகிறது.

போன வாரம் யாழினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், மண் எடுத்தது உட்பட. பள்ளிக்கூடப் பையில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"கடலைதான்னு அந்த அத்தைக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"உனக்கு?"

"எனக்கும் தெரியாது."

"அப்போ அவங்க மட்டும் ஏம்மா வீட்ட வுட்டுப் போனாங்க?"

அடுப்பில் ஏதோ வைத்திருப்பவள் போல எழுந்து போய்விட்டேன். பதில் தெரியாமல் இல்லை அக்கா. எங்களுக்காகப் பேச ஒரு தெருவே இருந்தது, உங்களுக்காகப் பேசியிருக்கக்கூடியவள் நான் ஒருத்திதான். அதை என் மகளிடம் இன்னும் சொல்லவில்லை.