தாடையன் நடிக்காத கதை

ஜூன் 16, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. தோட்டத்து ஆபீஸ் கூரை ஒழுகுகிறது. மேசையை மூன்றாவது தடவையாக நகர்த்தினேன். இன்னும் நகர்த்தினால் வராந்தாவில்தான் கணக்கெழுத வேண்டும்.

வாங்க: பத்மாவின் முழங்காலுக்குத் தைலம். கரப்பான் மருந்து. டேட்டா கார்ட்.

டேட்டா தீர்ந்ததற்குக் காரணம் வாட்ஸ்அப் குழு. பதினான்கு பேர், எல்லோரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். சின்ன வயதில் தோட்டத்து ஸ்டாஃப் கிளப்பின் ஒரே டீவியை ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்த கூட்டம். சனிக்கிழமை மாலை அந்தக் கறுப்பு வெள்ளை இங்கிலீஷ் தொடர். வாரம் ஒரு புதுக் கதை: ராக்கெட், பின்னால் ஓடும் காலம், கண்ணாடிக்குள் இருந்து எட்டிப் பார்க்கும் வேறொரு ஆள். நடிகர்களின் பெயர் அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. நாங்களே வைத்தோம். தாடையன், முட்டைக்கண்ணி, முதலில் வந்து விளக்கம் சொல்லும் கோட்டுக்காரர். நாற்பது வருஷமாக இதே பேச்சு. வெட்கமே இல்லை.

நேற்று எழுதினேன்: நிலாவில் தனியே மாட்டிக்கொண்டவனாக வந்தது தாடையன், என்ன நடிப்பு!

ஸ்டெல்லா மிஸ்ஸின் பதில்: "அது தாடையன் இல்ல அண்ணே. காது மடங்கின இன்னொருத்தர். தாடையன் அடுத்த வாரந்தான் வந்தாரு, தபால்காரனா."

பதினொரு சிரிப்பு மூஞ்சி. தேயிலைத் தொழிற்சாலை டீமேக்கர் ஞானம் தனியாக எனக்கு இரண்டு அனுப்பினார்.

மிஸ் சொன்னதுதான் சரி. பிள்ளை மடுவத்தின் பொறுப்பு அவருடையது. தாய்மார் கொழுந்து பறிக்கப் போனால் அவர்களின் ஒன்பது குழந்தைகளும் இவர் கையில். எந்தக் குழந்தைக்கு எந்தப் பால், எந்த மருந்து, எல்லாம் தலைக்குள். தாடையன் அவருக்கு எம்மாத்திரம்? இருந்தும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

மழை. தோட்டத் துரை கொழும்பில், சனிக்கிழமைதான் வருகிறாராம். ஆபீஸ் முழுவதும் கொட்டாவி.

பழிக்கு ஒரு வழி. தொடரில் வராத கதை ஒன்றை வந்ததாக எழுதிவிடுவது. நகல்:

ஸ்டேஷன். ஒரு கிழவர் ரயிலில் வந்து இறங்குகிறார். மறுநாளும் அவரே, கொஞ்சம் இளமையாக. அதற்கு மறுநாள் இன்னும். கடைசி நாள் ஆளைக் காணோம், கூடையில் ஒரு குழந்தை. ஸ்டேஷன் மாஸ்டர்: தாடையன். (முதலில் கூடையில் வெறும் தொப்பி என்று யோசித்தேன். அடித்துவிட்டேன். குழந்தை என்றால் மிஸ் உருகிவிடுவார், சந்தேகம் வராது.)

பத்தே காலுக்குப் போட்டேன். "யாருக்கு ஞாபகம்?"

டீமேக்கர்: "ஏன் இல்லாம! ரெண்டு தடவ போட்டானுங்க. ரெண்டாந்தடவ பாதியில கரண்ட் போயிருச்சு."

பலாங்கொடை ரோட்டில் டீவி ரிப்பேர் கடை வைத்திருக்கும் நிமல், சிங்களம் கலந்த குரல் செய்தி: "ஓவ், ஓவ்! மட்ட மதகய், ஞாபகம் இருக்கு! கூடையில பபா வாறது நே? அம்மா எவ்வளவு அழுதது தெரியுமா!"

குழந்தை ஆணா பெண்ணா என்று இருவருக்குச் சண்டை. கூடை சிவப்பு நிறம் என்று ஒருவர். கறுப்பு வெள்ளை டீவியில்! யூடியூபில் தேடலாமா என்றார் ஒருவர். "அதுல பாதிக் கதைதான் இருக்கு, இது தொலைஞ்ச பாதி" என்று டீமேக்கரே எனக்காக வழக்காடினார்.

கடைசியில் மிஸ்: "எனக்கு மட்டும் ஞாபகத்துல இல்லையே."

வயிறு நோகச் சிரித்தேன். பழி தீர்ந்தது.

ஜூன் 18, புதன்

தூறல். அட்டைக்கடி இரண்டு, இடது காலில்.

மிஸ் ஆபீஸுக்கு வந்தார். குடை சொட்டச் சொட்ட. உட்காரவில்லை.

"அண்ணே, அந்த ஸ்டேஷன் கதை நெசமா வந்துச்சா?"

"ஏன் மிஸ்?"

"நான் ஒரு சனிக்கெழமகூட விட்டதில்ல. காய்ச்சலோட வந்து நின்னு பாத்திருக்கேன். இது மட்டும் தொடைச்சு எடுத்தமாதிரி இருக்கு. எல்லாருக்கும் ஞாபகம் இருக்கே."

இந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். ஒரு வரி போதும். கதவருகே டீமேக்கர் காதை நீட்டிக்கொண்டு நின்றார். பார்வையாளர் ஒருவர் இருந்தால் என் வாய் என் பேச்சைக் கேட்காது.

"வந்துச்சே மிஸ்! உங்களுக்கேவா மறந்துபோச்சு?"

டீமேக்கர் கெக்கெக்கே என்று சிரித்தார். மிஸ் சிரிக்கவில்லை.

"எங்கம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது. கடைசி மூணு வருஷம் என்னையப் பாத்து, நீ யாரு வீட்டுப் பிள்ளன்னு கேட்டாங்க."

போய்விட்டார். குடை மூலையிலேயே இருந்தது. படியில் பாதி இறங்கித் திரும்பி வந்து எடுத்தார். "பாத்தீங்களாண்ணே?" என்று மட்டும் கேட்டார்.

சிரிப்பு வரவில்லை. தைலம் வாங்க மறந்தேன். எனக்கு மறக்கலாம்போல.

ஜூன் 19, வியாழன்

கனத்த மழை. மண் சரியுமென்று எச்சரிக்கை.

பத்மா குழாயடியிலிருந்து கொண்டுவந்த செய்தி: "ஸ்டெல்லா மிஸ்ஸுக்கு மண்டையில மறதி வியாதியாம். டீமேக்கர் சம்சாரம் சொல்லுது. பிள்ளைங்களுக்கு மருந்த மாத்திக் குடுத்துட்டா என்னா செய்றதுன்னு லயத்து வீடுகள்ல ஒரே பேச்சு."

"யாரு கெளப்பினது?"

"எனக்கென்னா தெரியும்? ஒங்க குரூப்புல தான் வந்திச்சாமே."

பீட்டுறூட் கறி. மூன்றாம் தடவை சோறு கேட்கவில்லை. பத்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

காலையில் கொழுந்தெடுக்கும் ஜோதி மடுவத்தில் நிற்காமல் தாண்டி மலைக்கு ஏறிப் போனதை நானே பார்த்தேன். முதுகில் கூடை. முன்னால் ஏழு மாதக் குழந்தை, பொலித்தீன் சுற்றி. ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்தேன். நினைக்க விரும்பினேன்.

பதினொரு மணிக்கு மிஸ்ஸின் கடிதம் என் மேசைக்கு வந்தது. துரைக்குப் போகும் எல்லாமே என் மேசை வழியாகத்தான். "எனக்கு ஞாபக மறதி ஏற்பட்டிருப்பதாக அறிகிறேன். பிள்ளைகளுக்குத் தீங்கு நேருமுன் என்னைக் கடமையிலிருந்து விடுவிக்கும்படி..." கையெழுத்து அச்சுப்போல. ஒரு பிழை இல்லை.

வேலை போனால் குவாட்டர்ஸும் போகும். தனி ஆள். எங்கே போவார்?

கடிதம் மேசை லாச்சிக்குள். துரை வர இன்னும் இரண்டு நாள்.

ஜூன் 20, வெள்ளி

மழை விட்டிருக்கிறது. வெயில் வேண்டாத விருந்தாளிபோல.

ஜோதி இன்றும் குழந்தையோடு மலைக்கு.

எட்டு மணிக்குக் குழுவில் எழுதினேன்: ஸ்டேஷன் கதை தொடரில் வரவில்லை, நான் இட்டுக்கட்டியது, மிஸ்ஸின் ஞாபகம்தான் சரி, மன்னியுங்கள்.

டீமேக்கர்: "கிளாக்கருக்குத் தங்கமான மனசு. மிஸ்ஸத் தேத்துறதுக்காகப் பழியத் தன் தலையில போட்டுக்கிறாரு பாருங்க."

நிமல்: "பொய் சொல்ல வேணாம் தம்பி. நான் பாத்தது, என் கண்ணால."

கும்பிடும் கை எட்டு. எனக்கு! முப்பது வருஷமாகப் பொய்யை நம்பவைத்துப் பேர் வாங்கியவன். ஒரே ஒரு உண்மையை விற்க முடியவில்லை.

பன்னிரண்டு மணிக்கு இந்த நாட்குறிப்பைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு மடுவத்துக்குப் போனேன். ஏணைகளில் குழந்தைகள் தூக்கம். ஒவ்வொரு ஏணையிலும் துண்டுக் காகிதம் குத்தியிருந்தது: பெயர், பால், மருந்து, நேரம். புதிதாக எழுதியவை. இரண்டு ஏணை காலி.

"நீங்க குரூப்புல போட்டதப் பாத்தேன். மனசு நோகக்கூடாதுன்னு சொல்றீங்க. வேணாண்ணே" என்றார்.

செவ்வாய்க்கிழமைப் பக்கத்தைப் பிரித்து நீட்டினேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். திங்களுக்குத் திரும்பினார். பிறகு புதன். பிறகு நேற்று. நான் ஏணைகளை எண்ணினேன். இன்னொரு தடவை எண்ணினேன். 'பழி தீர்ந்தது' என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"தாடையன்னு நீங்க சொன்னது தப்புத்தானே?"

"தப்புத்தான் மிஸ்."

"அதுக்கா?"

ஒரு குழந்தை சிணுங்கியது. எழுந்து போய் ஆட்டிவிட்டு வந்தார்.

"ரெண்டு நாளா இந்தப் பிள்ளைங்க பேர மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பாக்குறேன். முந்தாநேத்து மருந்து ஊத்துறப்ப சிந்திட்டு, பயந்துபோய் மறுபடி ஊத்தவே இல்ல." புத்தகத்தை மூடிக் கையில் தந்தார். "நாளைக்குப் பேர் கூப்பிடுற பெரட்டுல சொல்லுங்க. தாய்மாருக்கு முன்னால. ஜோக்கு ஒண்ணும் போடாம."

ஜூன் 21, சனி

துரை பத்து மணிக்கு. பெரட்டு ஆறரைக்கு. பனி.

கொழுந்துக்குப் போகும் பெண்கள் நாற்பது பேர் இருக்கும். கங்காணி பேர் கூப்பிட்டு முடித்ததும் முன்னால் போய் நின்றேன். மிஸ் ஓரத்தில், கை கட்டி.

மிஸ்ஸுக்கு ஒரு வியாதியும் இல்லை, நான் ஒரு பொய் சொன்னேன், அதை அவர் முகத்தைப் பார்த்தே திரும்பவும் சொன்னேன் என்றேன். வாய் திறந்ததுமே சிரிப்பு. என் முகத்தைப் பார்த்தால் சிரிப்பது இவர்களுக்குப் பழக்கம், பழக்கியது நான்தான். "கிளாக்கரு ஆரம்பிச்சிட்டாருடி!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். நான் நிறுத்தவில்லை. முதலிலிருந்து திரும்பச் சொன்னேன். மிஸ்மேல் எரிச்சலில் செய்தேன் என்பதையும் சொன்னேன். சிரிப்பு ஒவ்வொரு வாயாக நின்றது.

ஜோதி குழந்தையோடு முன்னால் வந்தாள்.

"அப்ப ரெண்டு நாளு மழையிலயும் வெயில்லயும் என் பிள்ளையத் தூக்கிட்டு மலைக்குப் போனேனே, அது எதுக்குங்க?"



மிஸ் கை நீட்டிக் குழந்தையை வாங்கினார். நெற்றியில் புறங்கை வைத்தார். கழுத்திலும் வைத்தார். "சூடு இல்ல. நீ போ ஜோதி, நான் பாத்துக்கிறேன்." ஜோதி போனாள். இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள், மிஸ்ஸை அல்ல, என்னை.

"என் கடிதத்தக் குடுங்க கிளாக்கர் ஐயா."

ஐயா. காலையிலேயே லாச்சியிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் வைத்திருந்தேன், கொடுத்தேன்.

"கிழிச்சிப் போட்டுருங்க மிஸ்."

"எதுக்கு? இதுல ஒரு பொய்யும் இல்ல. எழுதினப்ப நெசமாவே பயந்துதான் எழுதினேன்."

ஒரு கையில் குழந்தை, மற்றக் கையாலேயே நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். மடுவத்துக்குள் போனார். அரைக் கதவின் கொண்டியை உள்ளேயிருந்து போட்டார்.